சால்வைக்குப் பணம் உண்டு. நாடகம் எழுதுகிறவர்களுக்கு இல்லையா?



மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. தாராவியிலிருந்து கல்யாண் வரை பேட்டைக்கு ஒன்று இருக்கிறது. சில பேட்டைகளில் சண்டை போட்டுப் பிரிந்து இரண்டாகவும் இருக்கிறது. தை பிறந்தால் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சால் வீடுகளின் படிகளில் ஏறி இறங்குகிறோம். காலையில் தலையில் கூடை வைத்து இட்லி விற்றுவிட்டு வருகிற அம்மா ஐம்பது ரூபாய் தருகிறார். தோல் பட்டறைத் தொழிலாளி நூறு தருகிறார். அந்தப் பணம் எங்கே போகிறது? சென்னையிலிருந்து விமானத்தில் வந்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகிற சின்னத்திரைச் சிரிப்பு நடிகருக்கும், அவர் தங்குகிற ஓட்டலுக்கும், மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பிரமுகர்களின் தோளில் விழும் சால்வைகளுக்கும் போகிறது. போட்ட சால்வையைப் பிரமுகர் காரிலேயே மடித்து வைத்துவிடுகிறார். மும்பை வெயிலில் அதை வைத்து அவர்தான் என்ன செய்வார்?

சிரிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பகலெல்லாம் உழைக்கிறவர்கள் ஒரு ராத்திரி சிரிக்கட்டும். ஆனால் நூறு ரூபாயில் ஒரு ரூபாயாவது இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, நம் வாழ்க்கையை நாடகமாக எழுத முயல்கிற பிள்ளைகளுக்குப் போகிறதா என்றுதான் கேட்கிறோம். போகவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

நம் பகுதியில் ஒரு சிறு நாடகக் குழு இருக்கிறது. லாபத்துக்கு நடக்கிற குழு அல்ல. தையல்காரர், ஏ.டி.எம். காவலாளி, நர்சு வேலைக்குப் படிக்கும் பெண்கள், துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் என்று பதினைந்து பேருக்குள்தான். எங்களில் சிலர் டூட்டி முடிந்து போய் அவர்களுக்கு பெஞ்சு தூக்கிப் போடுகிறோம், டிக்கெட் கிழிக்கிறோம். சென்ற ஆண்டு இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பழைய நாடகங்களையே திரும்பத் திரும்பப் போடுவதில்லை, புதிதாக எழுதுகிறவர்கள் எழுதிக் கொண்டு வாருங்கள், நாங்கள் வாசித்துப் பார்க்கிறோம் என்று டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் தாள் ஒட்டினார்கள். ஒன்றோ இரண்டோ வரும் என்று நினைத்தார்கள். ஒன்பது வந்தது!

அவற்றில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணக்கெடுப்புக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே இங்கே குடியிருந்ததற்குத் தாளைக் காட்டு என்கிறார். கிழவி டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, செத்துப்போன பிள்ளையின் தடுப்பூசி அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், மில்லில் வேலை பார்த்த புருசனின் சம்பளச் சீட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. எல்லாத் தாளும் இருக்கிறது, கேட்ட தாள் மட்டும் இல்லை. இவ்வளவுதான் நாடகம். எழுதிய பெண்ணுக்கு வயது பத்தொன்பது. இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழ் பேச வரும், எழுத வராது. ஆகவே பாட்டி பேசுகிற திருநெல்வேலித் தமிழை அப்படியே நாகரி எழுத்தில் எழுதிக் கொண்டு வந்தாள்.

இந்தக் குழு ஒரு சங்கத்தை அணுகி, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தை வாசிப்புக்கும் ஒத்திகைக்கும் தாருங்கள், படி எடுக்கவும் டீக்கும் கொஞ்சம் பணம் தாருங்கள் என்று மனுக் கொடுத்தது. வந்த பதில் மூன்று. ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகை போகிறது என்பது முதல் பதில். திருவள்ளுவரைப் பற்றி எழுதினால் பரிசீலிக்கலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கேளுங்கள்: நாகரி எழுத்தில் எழுதியதையெல்லாம் தமிழ் நாடகம் என்று நாங்கள் எப்படி ஏற்பது?

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது யார்? சால்வை வாங்கிய பணத்தில் ஒரு வாத்தியார் வைத்திருக்கலாமே! எழுத்துத் தெரியாமலேயே அவள் பாட்டியின் பேச்சை விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். இதற்காக அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாராட்ட வேண்டிய இடத்தில் வாசலைக் காட்டியிருக்கிறார்கள்.

நம் கதையை எழுத ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழுதுகிறார்கள், ஆனால் நம்மிடம் இருந்துகொண்டு எழுதுவதில்லை. 1987இல் ‘நாயகன்’ வந்தது, 2018இல் ‘காலா’ வந்தது. இரண்டுக்கும் தாராவியின் பெரும்பகுதியைச் சென்னையில் செட் போட்டுத்தான் கட்டினார்கள். பார்த்தோம், கைதட்டினோம், எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் அந்தப் படங்களில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு நிற்கிற பெண் ஓரத்தில்தான் நிற்பாள். அவளை நடுவில் நிறுத்துவதற்கு அவள் பக்கத்துக் கோலியில் இருக்கிற ஆள் எழுத வேண்டும்.

இதை நாம் வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை. தாதர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் சபில்தாஸ் பள்ளிக்கூடம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போகிறோம்! அரவிந்த் தேஷ்பாண்டே, சுலபா தேஷ்பாண்டே, அருண் காகடே போன்றவர்கள் 1971இல் தொடங்கிய ‘ஆவிஷ்கார்’ என்ற சிறு நாடகக் குழு, 1974 முதல் 1990களின் தொடக்கம் வரை அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் நாடகம் போட்டது. சுலபா அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். நாடகத்துக்கென்று கட்டிய கொட்டகை அல்ல அது. தன் நாடகத்தோடு நின்றுவிடாமல் மற்றச் சிறு குழுக்களுக்கும் அங்கே இடம் கிடைக்கச் செய்தார்கள். வணிகக் கொட்டகைக்காரர் தொட மாட்டார் என்ற எழுத்துக்கெல்லாம் அங்கே ஒரு மேடை இருந்தது. மராட்டியில் ‘சபில்தாஸ் இயக்கம்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இடம் போனபின் மாகிமில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கேயும் தொடர்ந்தார்கள்.

அதற்கும் முன்னால் 1960இல் விஜயா மேத்தா முதலியோர் ‘ரங்காயன்’ என்ற குழுவை ஆரம்பித்தார்கள். விஜய் டெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ 1967இல் அந்தக் குழுவிலிருந்துதான் மேடைக்கு வந்தது. இன்று டெண்டுல்கர் என்றால் நாடே மதிக்கிறது. ஆனால் அவர் பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர், சாலில் குடியிருந்தவர். இளவயதில் அவர் எழுதிய ‘கிரகஸ்தா’ எடுபடவில்லை. இனிமேல் எழுதுவதே இல்லை என்று சபதம் போட்டார். நம் சங்கச் செயலாளர்கள் கையில் அன்று அவர் மாட்டியிருந்தால், அந்தச் சபதத்தைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்திருப்பார்கள்! நாக்பூரில் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மகேஷ் எல்குஞ்ச்வார் எழுதிய ‘சுல்தான்’ என்ற ஓரங்க நாடகம் 1967இல் ஒரு பத்திரிகையில் வந்தது. விஜயா மேத்தா அதைப் படித்துவிட்டு, பெயர் தெரியாத அந்தப் புதியவரின் நாடகங்களை மும்பை மேடைக்குக் கொண்டு வந்தார். புனேயில் 1973இல் தொடங்கிய தியேட்டர் அகாடமி, 1985 முதல் ஏறத்தாழ பத்தாண்டு புதிய நாடக ஆசிரியர்களை வளர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. மராட்டியில் நல்ல நாடகம் வானத்திலிருந்து விழவில்லை தோழர்களே. யாரோ சிலர் மண்டபம் பிடித்தார்கள், படி எடுத்தார்கள், பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள்.

நம்மவர்களும் இதைச் செய்தவர்கள்தான். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சொந்தமாக ஒரு சபை இருந்ததால்தான் அவரால் தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுத முடிந்தது. அண்ணாவின் ‘வேலைக்காரி’யையும் ‘ஓர் இரவை’யும் ஊர் ஊராகக் கொண்டுபோனது கே.ஆர். இராமசாமியின் நாடகக் குழு. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அங்கே செய்ததை இங்கே ஏன் மறந்தோம்?

“முதலில் குழாயில் தண்ணீர் வரட்டும், கக்கூசு வரட்டும், பிறகு நாடகம்” என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறவர்களும் உண்டு, அவர்களோடு நாங்கள் மோர்ச்சாவில் நடந்திருக்கிறோம். பிரேமானந்த் கஜ்வி என்பவர் 1977இல் ‘கோட்பர் பாணி’ என்ற ஓரங்க நாடகத்தை எழுதினார். ஒரு வாய்த் தண்ணீர் என்று பொருள். தீண்டாமையின் பெயரால் தண்ணீர் மறுக்கப்படுகிறவர்களின் நாடகம். தண்ணீர்ப் போராட்டமும் நாடகமும் வேறு வேறு என்று யார் சொன்னது? சாங்கிலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கால்நடையாகவே பம்பாய்க்கு வந்து சேர்ந்த அண்ணாபாவ் சாத்தே பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள்தான். மில் தொழிலாளி. 1944இல் தோழர்களோடு லால் பாவ்டா கலைக்குழுவைத் தொடங்கி, தொழிலாளர் குடியிருப்புகளிலேயே பாட்டும் நாடகமும் நடத்தினார். 1982 சனவரியில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மில்கள் போயின, புகைபோக்கி இருந்த இடத்தில் மால் வந்தது. அந்தக் குடும்பங்கள் உள்ளுக்குள் எப்படி நொறுங்கின என்பது எந்த அரசுக் கோப்பிலும் இல்லை. ஜயந்த் பவார் எழுதிய ‘அதாந்தர்’ என்ற 1997ஆம் ஆண்டு நாடகத்தில் இருக்கிறது. அந்த மில்களில் தமிழரும் வேலை பார்த்தார்கள். நம் வீட்டுக் கதை எங்கே?

ஆதரவு என்றால் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது அல்ல. முதலில் வாசிப்பு. நடிகர்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே படிப்பார்கள். எழுதியவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்த இடத்தில் ஆட்கள் நெளிகிறார்கள், எங்கே டீ குடிக்க எழுந்து போகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும். வீட்டுக்குப் போய்த் திருத்துவார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வாசிப்பு. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் மேடை. அதுவும் ஒரே ஒரு காட்சி போட்டுவிட்டுத் திரையை மடித்துவிடக் கூடாது, நாலைந்து பேட்டையிலாவது போட வேண்டும். முதல் நாடகம் தோற்றால் இரண்டாவதற்கும் அதே ஆளைக் கூப்பிட வேண்டும். நேரமும் முக்கியம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசிப்பு என்றால் எந்தப் பெண் வருவாள்? மீன் கழுவி, சோறு வடித்து, பாத்திரம் துலக்கி முடிக்க மூன்று மணி ஆகும். மூன்றரைக்கு வையுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று சொல்லுங்கள்.

எழுதியவர் பெயர் நோட்டீசில் இருக்க வேண்டும். ஒரு பையன் எழுதிய வசனத்தை இயக்குநர் தன் பெயரில் போட்டுக்கொண்ட கதை இங்கே நடந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நாடகம் எழுதியவருக்கே சொந்தம். அவர் ஆயுளுக்குப் பிறகும் அறுபது ஆண்டு அவர் வாரிசுக்குச் சொந்தம். காட்சிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையாவது எழுதியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம் அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்துப்படியை நிர்வாகக் குழு பார்த்து அனுமதி தர வேண்டும் என்பதை நாங்கள் ஏற்கவே மாட்டோம். வெள்ளைக்காரன் 1876இல் நாடகத்தை அடக்கச் சட்டம் போட்டான். தமிழ்நாட்டில் எம்.ஆர். இராதாவின் வாயை மூட 1954இல் ஒரு சட்டம் வந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்ய 2013 ஆயிற்று. இங்கே மகாராட்டிரத்தில் எழுத்துப்படியை முதலில் அரசின் வாரியத்துக்குக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். டெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’ 1972இல் தடுக்கப்பட்டு, பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் மீண்டும் மேடை ஏறியது. அரசாங்கத்தின் கத்திரியே போதும், நமக்கென்று இன்னொரு கத்திரி எதற்கு? சங்கத்துக்கு உண்மையில் அக்கறை இருந்தால், அந்தச் சான்று வாங்க அலையும் பிள்ளைகளோடு ஒரு வக்கீலை அனுப்பட்டும். படிவம் நிரப்ப எங்களைப் போன்ற கிளார்க்குகள் இருக்கிறோம். வாழ்நாள் பூராவும் வேறென்ன செய்தோம்?

வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வைக்கிறோம். பொங்கல் வசூலில் பத்தில் ஒரு பங்கு புதிய நாடகங்களுக்கு. மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை மண்டபம் வாடகையின்றி அந்தக் குழுவுக்கு. முன்மொழிய ஆள் இருக்கிறது, வழிமொழியவும் ஆள் இருக்கிறது. எதிர்க்கிறவர்கள் பின் வரிசையில் முணுமுணுக்காமல் எழுந்து நின்று காரணத்தைச் சொல்லட்டும். ரசீது வாங்கிய தாய்மார்கள் அத்தனை பேரும் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். கை தூக்கும்போது அதையும் சேர்த்துத் தூக்குங்கள்.