அந்தப் பக்கத்துக் கைக்கு ஒரு நன்றி

காஞ்சிபுரம் பட்டுப்புடவையைக் கையில் எடுத்ததும் நம் கண் முதலில் போவது பார்டருக்குத்தான். உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் பிசிறு இருக்காது. இதற்குக் கோர்வை என்று பெயர். கைத்தறியில் இதை ஒரே ஆள் நெய்துவிட முடியாது. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் தறியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்து பார்டர் நாடாவைக் கோர்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பல வீடுகளில் அது மனைவியின் வேலை.

புடவைக்குப் பேர் கிடைக்கிறது. 2005ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா கோர்த்த கையை யார் நினைக்கிறார்கள்?

இந்தக் கேள்வி தறிக்கு மட்டும் உரியதல்ல. நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு நன்றி சொல்ல நமக்கு நேரம் ஏது, இடம் ஏது? கிறிஸ்தவக் குடும்பங்களில் அதற்கென்றே அமைந்தது போல ஒரு பழக்கம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். மற்ற வீடுகளில் இருப்பவர்களும் தொடர்ந்து படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் உதவும்.

கோயில் நகரமான காஞ்சிபுரத்துக்குக் கிறிஸ்தவர்கள் புதியவர்கள் அல்லர். 1837ல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன், அடுத்த சில ஆண்டுகளிலேயே காஞ்சிபுரத்திலும் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. தறிச் சத்தமும் கோயில் மணியும் கேட்கிற தெருக்களிலேயே, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, சில வீடுகளில் பாய் விரிக்கப்படும். டி.வி. அணையும். ஒரு கீர்த்தனை, வேதாகமத்தில் ஒரு பகுதி, பெரியவர் ஒருவரின் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். இதுதான் குடும்ப ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை சொல்வார்கள்.

அந்த வீடுகளில் பாடுகிற கீர்த்தனைகளில் பல, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுதியவை. 1774ல் பிறந்து 1864ல் மறைந்தவர். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். நம் ஊர் ராகத்திலும் தாளத்திலும் அவர் பாட்டு எழுதி வைத்ததால்தான், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் வாய்ப்பாடமாகப் பாடி ஜெபம் நடத்த முடிந்தது.

சரி, பழக்கம் இருக்கிறது. நன்றி இருக்கிறதா?

பல வீடுகளில் ஜெபம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். “இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், சுகம் பெலனுக்காக ஸ்தோத்திரம்” என்று ஒரே மூச்சில் இரண்டு வரி. பிறகு விண்ணப்பங்கள் தொடங்கும். பையனுக்கு மார்க், பெண்ணுக்கு வரன், மாமாவுக்கு சர்க்கரை, வீட்டுக் கடன். கேட்பதில் தவறே இல்லை, பிள்ளை அப்பாவிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் நன்றி இரண்டு வரியிலும் தேவை இருபது வரியிலும் இருந்தால், அருகில் உட்கார்ந்து கேட்கிற குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? ‘நம் வீட்டில் இல்லாததுதான் அதிகம்’ என்பதைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதை மாற்றியவர் ஒரு பாட்டி. அப்பா பட்டுக் கடையில் கணக்கு எழுதுபவர். அம்மாவுக்கு வீட்டு வேலையோடு தையல் வேலையும் உண்டு. இரண்டு பிள்ளைகள். ஜெபத்தில் உட்கார்ந்ததும் பாட்டி ஒரு சட்டம் போட்டார். “ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு நடந்ததா இருக்கணும். யாரு செஞ்சாங்கன்னு பேரும் வரணும். நேத்து சொன்னதை இன்னைக்குச் சொல்லக்கூடாது.” அவ்வளவுதான்.

முதல் நாட்களில் பிள்ளைகள் சிரித்தார்கள். “பஸ்ல இடம் பிடிச்சுக் கொடுத்த சிநேகிதனுக்காக ஸ்தோத்திரம்” என்றான் பெரியவன். “இன்னைக்கு கணக்கு டீச்சர் லீவு, அதுக்கு ஸ்தோத்திரம்” என்றாள் சின்னவள். பாட்டி அதையும் ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “அம்மாவுக்குக் காய்ச்சல். ஆனாலும் எனக்கு இட்லி சுட்டுக் கொடுத்தாங்க. அதுக்கு ஸ்தோத்திரம்.”

அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, மனைவிக்குக் காலையிலிருந்து காய்ச்சல் என்று. ஆறேழு மணி நேரம் அதே வீட்டில் இருந்திருக்கிறார். அன்று அவர் ஜெபத்தை நீட்டவில்லை. ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினார்.

பெயர் சொல்லும் நன்றியின் பலன் இதுதான். ‘எல்லா நன்மைக்காகவும்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது யார் முகமும் நினைவுக்கு வருவதில்லை. ‘காய்ச்சலோடு சுட்ட இட்லி’ என்று சொன்னால் அடுப்பங்கரை கண்ணில் தெரிகிறது. கடவுளுக்குச் சொல்கிற நன்றியை அந்த மனுஷியும் காதால் கேட்கிறாள். வருஷக் கணக்காக யாரும் சொல்லாததை ஒரு குழந்தை சொல்லக் கேட்கிறாள்.

வேதாகமத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 136ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். 26 வசனங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே பல்லவி. ஆனால் பல்லவிக்கு முன்னால் வருவது ஒவ்வொரு முறையும் வேறு. வானம், பூமி, சூரியன், சந்திரன், கடலைக் கடந்தது, வனாந்தரத்தில் நடந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் சொல்கிறது. ஒருவர் நிகழ்ச்சியைச் சொல்ல, மற்றவர்கள் பல்லவி சொல்ல, வீட்டில் நடத்துவதற்கு எவ்வளவு வசதியான அமைப்பு!

விஞ்ஞானமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. 2003ல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, 10 வாரங்கள் எழுத வைத்தார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது. இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது. மூன்றாவது குழு பொதுவான நிகழ்ச்சிகளை எழுதியது. நன்றியை எழுதியவர்களே தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2005ல் வெளியான சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எண்ணியவர்களுக்குக் கூடவில்லை. செய்ததையே செய்து சலித்துவிட்டது போலும். தினமும் ஜெபம் பண்ணுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜெபத்தைக் குறைக்க வேண்டாம், பழகிய வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் குறைத்தால் போதும். ‘நேத்து சொன்னது இன்னைக்கு வேண்டாம்’ என்ற பாட்டியின் சட்டம் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

இனி கஷ்டமான கேள்விக்கு வருவோம். நன்றி சொல்ல ஒன்றுமே இல்லாத நாளில் என்ன செய்வது?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். கல்யாண சீசனுக்கு நெய்த புடவைகள் கடைகளில் அடுக்கியபடியே கிடந்தன. கல்யாணங்கள் தள்ளிப்போயின. தறிகள் நின்றன. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12ஆம் தேதி. ஆலயங்கள் மூடியிருந்ததால் வீட்டுக் கூடமே ஆலயம் ஆனது. நான் சொன்ன வீட்டிலும் கடை மூடியது, சம்பளம் நின்றது. ஒரு ராத்திரி அப்பா பாயில் உட்கார மறுத்துவிட்டார். “எதுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்றீங்க? அரிசி டப்பா காலியாகப் போகுதே, அதுக்கா?”

பாட்டி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வற்புறுத்தவும் இல்லை. 13ஆம் சங்கீதத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். மொத்தம் ஆறே வசனங்கள். ‘இன்னும் எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர்’ என்று ஆண்டவரிடம் சண்டை போடுவது போலத் தொடங்குகிறது. முடிவில்தான் பாட்டு வருகிறது. “முதல்ல உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு. ஸ்தோத்திரம் வரும்போது வரட்டும்” என்றார் பாட்டி. அன்று அப்பா தன் பயத்தையெல்லாம் சத்தமாகச் சொன்னார். பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டார்கள். ஸ்தோத்திரம் அன்று வரவில்லை. மூன்றாம் நாள், எதிர்வீட்டு நெசவாளர் குடும்பம் ஒரு பை காய்கறி கொடுத்தபோது, அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி வந்தது.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான். துக்கத்தை மூடி மறைத்துவிட்டு ‘நன்றி சொல்லு, நன்றி சொல்லு’ என்று பிள்ளைகளை நெருக்குவது நன்றியல்ல, நடிப்பு. வீட்டில் ஒருவர் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதும், ஒருவர் குடித்து அழித்துக்கொண்டிருக்கும்போதும், ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஜெபத்தில் சொல்லி அவள் வாயை மூடவே கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பும் உதவியும்தான்.

இன்னொரு விஷயம். நன்றி வாயோடு நின்றுவிட்டால் அது பாதி நன்றிதான். லூக்கா சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அதுவும் அந்நியனாகக் கருதப்பட்ட சமாரியன். மற்ற ஒன்பது பேரும் மனசுக்குள் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒருவன்தான் வந்த வழியே திரும்பி நடந்தான்.

நம் வீடுகளில் ‘திரும்பி நடப்பதற்கு’ ஒரு பழைய வழி உண்டு, பிடி அரிசி. உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது. காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதை வீடுவீடாகச் செய்யச் சொன்னார். மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதையே செய்து வருகிறார்கள், அங்கே அதற்கு ‘புஹ்ஃபாய் தம்’ என்று பெயர். ஒவ்வொரு வேளையும் எடுத்து வைக்கிற ஒரு பிடி அரிசி சபைக்குப் போய், ஊழியங்களுக்கான பெரிய தொகையாகிறது. மதம் வேறு, மொழி வேறு. பானைக்குப் போகும்முன் பசித்தவரை நினைக்கிற அந்தக் கை ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் தொடங்க நினைத்தால் சில யோசனைகள். பத்து நிமிஷம் போதும், நீண்ட ஜெபத்துக்குப் பயந்துதான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். போன்கள் எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும். வெளியூரில் இருக்கிற மகனோ மகளோ வீடியோ காலில் சேர்வதானால் ஒரு போன் மட்டும் நடுவில். வீட்டிலேயே சின்னவர் முதலில் சொல்லட்டும். நன்றி முதலில், விண்ணப்பம் பிறகு. ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், மறந்துபோன எத்தனை கைகள் அதில் இருக்கும் தெரியுமா? வாரம் ஒருமுறை, அந்த நோட்டில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டு நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜெபம் செய்யும் வழக்கம் இல்லாத வீடா? சாப்பாட்டுத் தட்டு முன்னால் இதே கேள்வியைக் கேட்கலாம். ‘இன்னைக்கு உனக்கு யாரு, என்ன செஞ்சாங்க?’

பதில் சொல்லும்போது தூரத்து ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். காலையில் பால் பாக்கெட் போட்ட பையன், குப்பை வண்டியோடு வந்த அக்கா, பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட டிரைவர் அண்ணன். ஒரு காஞ்சிபுரம் புடவைக்குக் கர்நாடகத்துப் பட்டும் சூரத் சரிகையும் வருகின்றன. நம் ஒரு நாளுக்கும் அப்படி எங்கெங்கிருந்தோ கைகள் வருகின்றன.

இன்று ராத்திரி ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால், அதே கூரையின் கீழ் இருக்கிற ஒருவரின் பெயராக, அவர் காதில் விழுகிற மாதிரி.