மேக்னம் தோட்டாவுக்கு மேக்னம் பிரைமராம்! யார் சொன்னது?

போன சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் 'டர்ட்டி ஹாரி' (1971) பார்த்தோம். கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் .44 மேக்னம் ரிவால்வர். படம் முடிந்ததும் பேச்சு தோட்டா பக்கம் போய்விட்டது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்து வீட்டிலேயே தோட்டா செய்வது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. (நம்மூரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

அறைத்தோழன் உடனே தீர்ப்பு சொன்னான்: "அங்க என் கசின் பண்றான்டா. ரொம்ப சிம்பிள். மேக்னம் தோட்டான்னா மேக்னம் பிரைமர். அவ்ளோதான். 2021ல பிரைமர் தட்டுப்பாடு வந்தப்ப கெடச்சதப் போட்டு சுட்டானாம். ஒண்ணும் ஆகல."

எனக்கு எரிச்சல் வந்தது. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் வேதியியல் படிக்கிறவன். ஒரு மருந்து எப்படிப் பற்றுகிறது என்பதைப் பெட்டியின் மேல் உள்ள ஒரு வார்த்தையை வைத்து முடிவு செய்தால் சும்மா இருக்க முடியுமா?

முதலில் அந்த வார்த்தையையே பார்ப்போம். மேக்னம் என்பது ஷாம்பெயினில் பெரிய பாட்டிலின் பெயர். ஒன்றரை லிட்டர். அங்கிருந்துதான் தோட்டாவுக்கு வந்தது. 1935ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது செய்த முக்கியமான காரியம், பழைய .38 ஸ்பெஷல் கூட்டை ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் நீட்டியது. அழுத்தம் அதிகமான புதுத் தோட்டா தெரியாத்தனமாகக்கூட பழைய துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, தோட்டாவின் மேல் இருக்கும் 'மேக்னம்' கூட்டையும் அழுத்தத்தையும் பற்றியது. பிரைமர் பெட்டியின் மேல் இருக்கும் 'மேக்னம்' தீயைப் பற்றியது: இன்னும் சூடான, இன்னும் நீளமான தீ. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா? நம் வகுப்பில் மூன்று கார்த்திக் இருக்கிறார்கள்.

அந்தப் பெரிய தீ யாருக்கு வேண்டும்? தோட்டாவுக்கு அல்ல, மருந்துக்கு. மேக்னம் ரிவால்வர்காரர்கள் அதிகம் பேசும் இரண்டு மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹாட்ஜ்டன் எச்110. (வின்செஸ்டர் 296 என்ற பெயரில் விற்கப்பட்டதும் இதே மருந்துதான். பெயரை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி!) பொடிப்பொடி உருண்டைகள், மேலே எரிவதைத் தாமதப்படுத்தும் பூச்சு. சுலபத்தில் பற்றாது. கூடு நிறைய மருந்து, வாயை இறுக்கி மடித்த கூடு, வலுவான தீ, இந்த மூன்றும் வேண்டும். இதற்கு மேக்னம் பிரைமர் சரி.

இன்னொன்று 2400. 1930களிலிருந்து இருக்கிற மருந்து. இது சாதாரண பிரைமரிலேயே ஒழுங்காகப் பற்றும். பல கையேடுகள் அப்படித்தான் சோதித்து அளவு கொடுத்திருக்கின்றன. கையேடு சொன்ன உச்ச அளவில் 2400ஐப் போட்டுவிட்டு, "மேக்னம் தோட்டாதானே" என்று மேக்னம் பிரைமரைச் செருகினால், உச்சத்துக்கு மேலும் அழுத்தம் ஏறலாம். .357 மேக்னத்துக்கு அமெரிக்கத் தொழில் தரம் வைத்திருக்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதை முகத்துக்கு இரண்டடி முன்னால் பிடித்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பது வீரம் இல்லை.

"அப்படின்னா மருந்தைக் குறைச்சுக்கிட்டா போச்சு" என்றான் நண்பன். இங்கேதான் சிக்கலே. எந்தப் பொருளை மாற்றினாலும் குறைந்த அளவிலிருந்து தொடங்கு என்பது நல்ல விதி. ஆனால் எச்110க்கு அதுவே வினை. மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தயாரித்த நிறுவனமே எச்சரிக்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். சத்தம் கம்மியாக இருந்ததே என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கும். ஒரு மருந்துக்குக் கூடினால் ஆபத்து, இன்னொன்றுக்குக் குறைந்தாலும் ஆபத்து. இதை எந்த ஒற்றை வரி விதி காப்பாற்றும்?

மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே அலட்சியம்தான். புல்ஸ்ஐ மாதிரி வேகமாக எரியும் மருந்து கொஞ்சமாய்ப் போட்டால் போதும், காசு மிச்சம் என்பார்கள். உண்மைதான். ஆனால் மேக்னத்தின் நீளக் கூட்டில் அது அடியில் கிடக்கும். கவனம் சிதறி இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. கூட்டில் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தாக இருந்தால் இரண்டாவது தடவை வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் சில்லறை மிச்சத்தைப் பார்க்காமல் இதைப் பார்க்கட்டும்.

"கெடச்சதப் போட்டேன்" கட்சிக்கு இன்னொரு செய்தி. பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரைவிட உயரம் அதிகம். .44 கூட்டில் வைத்தால் வெளியே துருத்தும், ரிவால்வரின் உருளை சுற்றாமல் சிக்கும். அதே சமயம் வின்செஸ்டரின் பெரிய பிஸ்டல் பிரைமர் சாதாரண, மேக்னம் தோட்டா இரண்டுக்கும் என்றே விற்கப்படுகிறது. அப்படியானால் கசினின் விதி அந்தப் பெட்டி முன்னால் என்ன செய்யும்?

கடைசியாக, "ஒண்ணும் ஆகல". பிரைமர் தட்டையாகவில்லை, அதனால் அழுத்தம் சரி என்று அதற்கு ஒரு ஆதாரமும் காட்டுவார்கள். ரிவால்வரில் அந்த அடையாளத்தை நம்ப முடியாது. அது தெரிகிற நேரத்தில் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கலாம். ஒன்றும் ஆகவில்லை என்றால் துப்பாக்கி செய்தவன் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்றும் அர்த்தம் இருக்கலாம். ஹெல்மெட் போடாமல் பத்து வருஷம் வண்டி ஓட்டினேன் என்கிறவரின் வாதமும் இதுதான்.

நான் சொல்வது இவ்வளவுதான். கையேட்டில் இருப்பது கூடு, குண்டு, மருந்து, பிரைமர் நான்கையும் சேர்த்து அழுத்தம் அளந்து எழுதிய ஒரே சேர்க்கை. அதில் ஒன்றைப் பிய்த்து இன்னொன்றைச் செருகினால் பக்கத்தில் இருக்கும் எண் உங்களுடையது இல்லை. அதில் சொன்ன பிரைமர் கிடைக்கவில்லையா? கையில் இருக்கும் பிரைமருக்குச் சோதித்த வேறு அளவைத் தேடுங்கள். அதுவும் இல்லையா? அந்த வாரம் சுடாதீர்கள். சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் இரண்டு கண்தான்.

நண்பனிடம் இதையெல்லாம் கசினுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னேன். "அவனுக்குத் தெரியாததா?" என்றான். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், வராந்தாவில் நின்று போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "டேய், நீ போடற மருந்து பேர் என்னடா?"

சரியான கேள்வி. முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.