குண்டுவீச்சுக்குள் ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்கென்று வெளிநாடு போனவளுக்கு என்ன குறை என்று எங்கள் கிளிவெட்டியில் கேட்பார்கள். ஜானகி அம்மாளைப் பாருங்கள், சகோதரிகளே.

1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். 1939இல் மாநாடொன்றுக்காக எடின்பரோ போனார். யுத்தம் தொடங்கியது, அங்கேயே தங்கிவிட்டார். 1940இலிருந்து இலண்டன் ஜோன் இன்னஸ் நிலையத்தில், தாவரங்களின் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணும் வேலை. இரவில் ஜேர்மன் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் பதுங்குவாராம். விடிந்ததும் செடித் தட்டுகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்வாராம். பங்கருக்குள் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் உலை வைத்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அவருக்கோ பக்கத்தில் சொந்தமென்று ஒருவருமில்லை.

அந்த வேலைதான் 1945இல், டார்லிங்டனுடன் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த நூலாக வந்தது. 1951இல் நேரு அழைத்து இந்தியா திரும்பியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.