கொய்யாக் கிளையும் சங்கிலி ரம்பமும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்துக்காகக் காத்திருந்தேன். கல்லூரிகள் விட்ட நேரம். உட்கார இடம் கிடைத்ததே பெரும்பேறு. பக்கத்தில் ஒரு முதியவர் மடியில் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது தெரிந்த முகம். முன்பு நான் பணியாற்றிய பங்கைச் சேர்ந்தவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மாம்பழச்சாலைப் பக்கம் வீடு கட்டிக் குடியிருப்பவர். உடன் அவருடைய துணைவியாரும் இருந்தார்.

"சாமி, நல்ல வேளை நீங்கள் கிடைத்தீர்கள். இவருக்கு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்று அந்த அம்மையார் தொடங்கினார்.

வழக்கு இதுதான். வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா, இரண்டு முருங்கை, ஓர் எலுமிச்சை. சென்ற ஆண்டு ஆடிக் காற்றுக்கு முன் கொய்யாவைக் கவாத்துச் செய்கிறேன் என்று இவர் அரிவாளோடு ஏணியில் ஏறினார். ஏணி சாய்ந்தது, மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. செய்தி கேட்ட மகன் குவைத்திலிருந்து பணம் அனுப்பி, "அப்பா, இனி அரிவாளைத் தொடாதீர்கள். பேட்டரியில் ஓடும் சிறிய சங்கிலி ரம்பம் வந்திருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டான். அன்று மாலை இருவரும் கடைக்குப் போய் ஒன்றை வாங்கியும் விட்டார்கள். வாங்கிய கையோடு அம்மையாருக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அதெல்லாம் முடியாது என்பது இவர் கட்சி.

எங்கள் பங்கு இல்லத்துத் தோட்டத்தில் இப்படியொரு ரம்பத்தை ஓராண்டாகக் கையாண்டு வருகிறேன். ஆகையால் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குச் சிறிது தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

"எதைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் ஐயா?" என்று கேட்டேன். அவர் பெருமிதத்தோடு பெட்டியின் மேலிருந்த எண்ணைச் சுட்டிக்காட்டினார். 88 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவற்றில் 48 என்றும் 21 என்றும்தான் இருந்தனவாம். விலை ஏறத்தாழ ஒன்றேயாயின், பெரிய எண் உள்ளதை விட்டுச் சிறியதை யார் எடுப்பார்கள்?

"சார்ஜரை எடுத்து அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்" என்றேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். வெளிவரும் மின்னழுத்தம் 21 வோல்ட். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். வாழ்நாள் முழுதும் இரும்பையும் அளவையும் நம்பி வாழ்ந்த மனிதர் அல்லவா! 21 வோல்ட் கொடுக்கும் சார்ஜரால் 88 வோல்ட் பேட்டரியை நிரப்ப இயலாது என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த எண்களைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. இத்தகைய கருவிகளின் பேட்டரிக்குள் லித்தியம் அயனி மின்கலங்கள் பல அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கலத்தின் இயல்பான அழுத்தம் 3.6 வோல்ட், முழுமையாக நிரம்பினால் 4.2 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் இயல்பில் 18, நிரம்பிய நிலையில் 21. ஆகவே ஒரு கம்பெனி 18 என்று எழுதுவதும், மற்றொன்று 20 என்று எழுதுவதும், வேறொன்று 21 என்று எழுதுவதும் ஒரே பொருளைத்தான். உள்ளங்கை அகலப் பேட்டரியின் மேல் 48, 88 என்று அச்சிடுவதோ பெரும்பாலும் வெறும் மை. மாறாக, ஜெர்மன் நிறுவனமாகிய ஸ்டீலின் ஜிடிஏ 26 என்னும் நான்கங்குல ரம்பம் 10.8 வோல்ட்டில்தான் ஓடுகிறது. மரக்கிளையை வெண்ணெயாய் அறுக்கிறது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1926இல் செய்த மின்சாரச் சங்கிலி ரம்பத்தை இருவர் சேர்ந்து பிடித்தால்தான் வேலை நடக்கும். இன்று அது ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.

வோல்ட்டைவிட நாம் பார்க்கத்தக்கது, பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கிறது என்பது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு மணி நேரம் எரியத் தேவையானது அவ்வளவுதான். ரம்பத்தின் மோட்டாரோ சில நூறு வாட்டை விழுங்குவது. இடைவிடாது அறுத்தால் பத்து நிமிடத்தைத் தாண்டுவதே அரிது. இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். இரண்டங்குலக் கிளை ஒன்று சில விநாடிகளில் விழுந்துவிடும்; ஒரு கொய்யா மரத்துக்கு ஒரு பேட்டரி தாராளம். வீட்டில் ஏற்கெனவே ஏதேனும் நல்ல கம்பெனியின் பேட்டரி டிரில் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் ரம்பத்தை, பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கலாம். மக்கீட்டாவின் 18 வோல்ட் கருவிகள் அத்தகையவை. பேட்டரி புதிதாக வாங்குவதாயின் அதன் மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படுக்கைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவது தீயோடு விளையாடுவது. நமது திருச்சி வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவைப்பதும் அப்படியே.

"சரி, அம்மா, உங்கள் மரத்தில் நீங்கள் வெட்ட நினைக்கும் மிகப் பருத்த கிளை எவ்வளவு இருக்கும்?" என்று அடுத்து கேட்டேன். அவர் தம் வளையலை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினார். ஏறக்குறைய இரண்டங்குலம். அதுவே அந்த வீட்டுக்கு உரிய அளவு. சங்கிலி சுற்றி ஓடும் தகட்டை, கடைக்காரர்கள் பார் என்பார்கள், அதன் நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பருமனுள்ள கிளையே அந்த ரம்பத்துக்கு ஏற்றது. நான்கங்குலத் தகட்டுக்கு இரண்டு, இரண்டரை அங்குலக் கிளை. ஆறங்குலத் தகட்டுக்கு மூன்று, நான்கு. அவர்கள் வாங்கியது எட்டங்குலம்! பேட்டரியை மாட்டி என் கையில் கொடுத்தார் பெரியவர். "நீட்டிப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுங்கள்" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். நாற்பதில் முறிந்த மணிக்கட்டு நடுங்கத் தொடங்கிற்று. கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது.

ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கருவியே வேண்டியதில்லை. சுண்டுவிரல் பருமனுக்குக் கவாத்துக் கத்தரி போதும். அதற்கு மேற்பட்டதைப் பின்னோக்கி இழுக்கையில் அறுக்கும் வளைந்த கவாத்து ரம்பம் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். சில நூறு ரூபாய்தான் விலை. அதற்கு பேட்டரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஆனால் முறிந்து கூடிய மணிக்கட்டுக்கு அந்த இழுப்பு வலிக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கும், உதவிக்கு ஆள் இல்லாத முதியவர்களுக்கும், ஒரே நாளில் பத்து முருங்கையை மூன்றடிக்கு வெட்டிவிட வேண்டியவர்களுக்கும் இச்சிறு ரம்பம் மெய்யாகவே ஒரு கொடைதான். அந்த வகையில் மகன் நினைத்ததில் பிழையில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் சாலைகளில் விழுந்து கிடந்த மரங்களைப் பெட்ரோல் ரம்பங்கள் அறுத்துத் தள்ளியதைப் பலரும் கண்டோம். அதைக் கண்ட கண்ணோடு இந்தச் சிறு ரம்பத்தைப் பார்ப்பவர்கள், வேப்பமரத்தையே வீழ்த்திவிடலாம் என்று எண்ணுகிறார்கள். தொடைப் பருமனுள்ள கிளைக்கு மரம் வெட்டத் தெரிந்த தொழிலாளியைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இறக்கும் வித்தை அவர் கையில் இருக்கிறது. அவருக்கு ஒரு நாள் கூலி போனால் நாம் ஏழையாகிவிட மாட்டோம். மின்கம்பியைத் தொடும் கிளைக்கு மின்வாரியத்தாரைத்தான் கூப்பிட வேண்டும். நாமும் தொடலாகாது, தொழிலாளியையும் ஏற்றலாகாது.

சங்கிலியைக் கண்டதும் பிட்டர் ஐயாவுக்கு உள்ளம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பல்லுக்கு ஒரு வரலாறு உண்டு என்று அவருக்குச் சொன்னேன். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம் வெட்டுபவர், வெட்டிய அடிமரத்துக்குள் ஒரு வண்டின் புழு மரத்தைக் குறுக்கும் நெடுக்கும் எளிதாகத் தின்று செல்வதைக் கண்டு உற்றுநோக்கினார். அதன் தாடைகள் வளைந்தவை. இடமும் வலமும் மாறிமாறி மரத்தைச் சீவின. அதே வடிவில், ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் சீவும்படி இரும்பில் பற்கள் செய்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வழிவந்தவையே. "புழுவிடம் பாடம் கேட்டிருக்கிறான் சாமி, கெட்டிக்காரன்" என்று மகிழ்ந்துபோனார்.

பல் மழுங்கினால் உருண்டை அரத்தால் தீட்ட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மாவு போன்ற தூள் விழுந்தால் பல் மழுங்கிவிட்டது, சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. பல சிறு ரம்பங்களில் எண்ணெய் தானாக ஊறுவதில்லை. சில கிளைகளுக்கு ஒருமுறை நாமே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எங்கள் கோயில்பிள்ளை இதை மறந்ததால் ஒரு சங்கிலி கருகியே போயிற்று. புதுச் சங்கிலி முதல் சில வெட்டுகளிலேயே தளரும். தகட்டிலிருந்து தொங்காதபடியும், கையால் இழுத்தால் தடையின்றி ஓடும்படியும் திருகைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இது ஒன்றை மறந்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

அம்மையாரின் அச்சத்துக்கு இப்போது வருகிறேன். அது வீண் அச்சமன்று. இந்தக் கருவி சிறியதாக, விளையாட்டுப் பொருள்போல் இருப்பதே அதன் ஆபத்து. பெரிய ரம்பத்தைக் கண்டால் நாமே இரு கையாலும் பிடிப்போம். இதையோ வலக்கையில் பிடித்துக்கொண்டு, வெட்டும் கிளையை இடக்கையால் பற்றுகிறோம். கிளை அறுந்ததும் ரம்பம் நில்லாது, அடுத்து இருப்பதை நோக்கிச் செல்லும். அடுத்து இருப்பது நம் இடக்கை. மேலும், தகட்டின் நுனியின் மேற்பகுதி ஏதேனும் மரத்தில் பட்டால் ரம்பம் நம் முகத்தை நோக்கி எகிறும். ஆகையால் நுனியால் வெட்டலாகாது. விசையோடு ஒரு பூட்டுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாலன்றி ஓடாத ரம்பத்தையே வாங்குங்கள். சங்கிலிக்கு மேல் காப்புத் தகடும் இருக்கட்டும். கண்ணாடியும் தோல் கையுறையும் வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஆகாது. அங்கியோடு தோட்டத்தில் இறங்கி ஒருமுறை நானே பாடம் கற்றேன். கிழிந்தது துணி மட்டுமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏணி. "ஐயா, அரிவாளோடு ஏணியில் ஏறி விழுந்தபோது மணிக்கட்டுதான் போயிற்று. ஓடும் ரம்பத்தோடு விழுந்தால்?" என்றேன். அவர் தலைகுனிந்துகொண்டார். அம்மையார் முதன்முறையாக ஒன்றும் பேசவில்லை. தரையில் நின்று எட்டும் கிளைக்கு மட்டுமே இந்தச் சிறு ரம்பம். தோளுக்கு மேலே தூக்கி வெட்டவே கூடாது. எட்டாத கிளைக்கு, நீண்ட கழியின் முனையில் கவாத்து ரம்பம் பொருத்தியது கிடைக்கிறது. ஆடுகளுக்குத் தழை இழுக்கும் தொரட்டியைப் போல் அதைக் கீழே நின்றே கையாளலாம்.

பேருந்து வந்தது. கூட்டம் முண்டியது. நான் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் ஏறவில்லை. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கடை இருக்கும் திசையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மாம்பழச்சாலை வழியே போனபோது அந்த வீட்டில் நுழைந்தேன். நான்கங்குல ரம்பம் ஒன்று எண்ணெய் பூசித் துணியில் சுற்றி அலமாரியில் இருந்தது. மாற்றித் தந்தது போக மீந்த பணத்தில் கழி ரம்பமும் வாங்கியிருந்தார். கொய்யா அழகாகக் கவாத்தாகியிருந்தது. பருத்த கிளையை முதலில் அடியில் சிறிது அறுத்து, பின் மேலிருந்து அறுத்ததால் பட்டை உரியவே இல்லை. அடிமரத்தோடு ஒட்ட வழிக்காமல், கிளை தொடங்கும் புடைப்பை விட்டு வெட்டியிருந்தார். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ள அந்தப் புடைப்புத்தான் வேண்டும். வெட்டிய இடங்களுக்குக் கீழே இளஞ்சிவப்பாய்த் தளிர் விட்டிருந்தது. கொய்யா பூப்பது அந்தப் புதுத் தளிரில்தான்.

ஏணி மட்டும் கண்ணில் படவில்லை. எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாக அம்மையார் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.