அரிவாள் இல்லாத காதல் கதை

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் தமிழ் ரசிகர் காதில் விழுவது சிவாஜியின் குரல்தான். 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ அந்த ஊரை வசனமாகவே மனத்தில் பதித்துவிட்டது. அதிலும் ஒரு காதல் உண்டு. ஜெமினி கணேசனின் வெள்ளையத்தேவனும் பத்மினியின் வெள்ளையம்மாளும் காதலிப்பார்கள். போர் வந்ததும் காதல் அதற்குள் கரைந்துவிடும். அதே கரிசல் சீமையிலிருந்து, கோட்டையும் வாளும் இல்லாத, சாதி தாண்டிய காதல் படம் ஒன்று 2003-ல் வந்தது. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’ என்ற பெயரில் படமாக்கினார். இசை எல். வைத்தியநாதன். இந்தியன் பனோரமாவிலும் திரையிடப்பட்டது. அந்த ஆண்டு கல்லூரியில் இருந்தவர்கள் ‘காதல் கொண்டேன்’ பாடல்களையும் ‘ஜெயம்’ பாடல்களையும் இன்றும் முணுமுணுப்பார்கள். ‘ஒருத்தி’ என்று சொன்னால் பெரும்பாலோர் விழிப்பார்கள். கலைப்படங்களின் தலைவிதி இது என்று விட்டுவிடலாம்தான். ஆனால், சாதி தாண்டிய காதல் இப்படித்தான் இருக்கும் என்று சினிமா நமக்கு ஒரு வடிவத்தைப் பழக்கியிருந்தது. அந்த வடிவத்தில் அடங்காததால்தான் இந்தப் படம் நம் கண்ணில் படாமல் போனது என்று நினைக்கிறேன்.

அந்த வடிவம் என்னவென்று பார்ப்போம். 1997-ல் வந்த ‘பாரதி கண்ணம்மா’வில் பெண் பெரிய வீட்டு மகள், ஆண் அந்த வீட்டை அண்டிப் பிழைக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன். ‘ஒருத்தி’க்கு அடுத்த ஆண்டு வந்த ‘காதல்’ படத்தில் பெண் வசதியான ஆதிக்கக் குடும்பத்தவள், ஆண் மெக்கானிக். 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ எத்தனையோ விதங்களில் புதிய படம். அதிலும் பெண் மேலே, ஆண் கீழே. இது இயக்குநர்களின் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். விருத்தாசலம் அருகே சாதி தாண்டி மணந்த கண்ணகியும் முருகேசனும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டது ‘ஒருத்தி’ வந்த அதே 2003-ல்தான். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. உடுமலையில் அதேபோல் மணந்த சங்கர் நடுத்தெருவில் வெட்டப்பட்டது 2016-ல். இரண்டிலும் ஆண் தலித், பெண் வேறு சாதி. சாதி தன் எல்லையைப் பெண்ணின் உடம்பில் போட்டு வைத்திருக்கிறது. தன் வீட்டுப் பெண் வெளியே போனால் அது அரிவாளைத் தூக்குகிறது. சினிமாவும் ரத்தம் சிந்துகிற இடத்தைத் தேடிப் போகிறது.

‘கிடை’யில் இந்தக் கணக்கு தலைகீழ். ஆடு மேய்க்கும் தலித் பெண் செவனி. அவள் விரும்புகிற எல்லப்பன் நாயக்கர் வீட்டுப் பையன். இருவரும் தங்களை மறந்திருந்த நேரத்தில் ஆடுகள் பருத்திப் புஞ்சைக்குள் இறங்கி மேய்ந்துவிடுகின்றன. மானாவாரிக் கரிசலில் பருத்தி என்பது வருஷத்துக்கு ஒரே ஒரு முறை கையில் காசு பார்க்கிற வெள்ளாமை. ஊர் பதறாமல் என்ன செய்யும்? தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் புஞ்சையில் இறங்கித் தேடுகிறார்கள், விசாரணை நடக்கிறது, நஷ்டத்துக்குக் கணக்குப் போடப்படுகிறது. கதையின் பெரும்பகுதி ஒரு துப்பறியும் கதையின் சுவாரசியத்தோடு நகர்வது இந்த விசாரணையால்தான். பருத்தி அழிந்ததற்கு ஊரிடம் ஒரு விலை இருக்கிறது. அதே இடத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. யாரும் செவனியை வெட்ட வரவில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. எல்லப்பனுக்கு அவன் சாதியில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிகிறது. இங்கே செவனிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று விரட்டுகிறார்கள். இந்தக் கதையில் வில்லன் கிடையாது. ஊரில் பலர் நல்லவர்கள்கூட. ஆண் பிள்ளை கீழே இறங்கிப் பழகினால் ‘வயசுக் கோளாறு’ என்று சிரித்துக் கடந்துவிடுகிற ஊர் அது. சாதியின் இந்தச் சிரித்த முகத்தை வேறெந்தத் தமிழ்க் காதல் படமாவது இவ்வளவு நேராகப் பார்த்திருக்கிறதா?

நாவலே போதுமே, படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கி.ரா.வின் சொல்லழகு கேமராவுக்குள் வராது என்பது உண்மைதான். ஆனால் நாவலின் தலைப்பு ஆட்டுக்கிடையை முன்னே வைக்கிறது, படத்தின் தலைப்பு செவனியை முன்னே வைக்கிறது. ஊரின் கதையாகப் படித்ததை ஒரு பெண்ணின் கதையாகப் பார்க்கச் சொல்வது சின்ன வேலை அல்ல. நிலமுள்ள சாதியில் பிறந்த எழுத்தாளர் தலித் பெண்ணின் வலியை எப்படி எழுத முடியும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. செவனியின் மனத்துக்குள் கதை போதுமான அளவு போகவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு தலித் பெண் எழுதியிருந்தால் அவள் அந்தப் பேயோட்டலை இப்படி விட்டிருக்க மாட்டாள். ஆனால் கி.ரா. அவளுக்காகப் பேச வந்ததைவிடத் தன் சொந்த ஜனங்களைக் காட்டிக்கொடுத்ததுதான் அதிகம். அதை உள்ளிருந்தவர்தான் செய்ய முடியும்.

தோல்வியில் முடிகிற கதையால் யாருக்கு என்ன பயன் என்பார்கள் சிலர். ‘அலைகள் ஓய்வதில்லை’யில் பூணூலும் சிலுவையும் கழன்று விழுந்தபோது 1981-ல் கைதட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கைதட்டலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் மகனுக்குச் சாதிக்குள்ளேயே பெண் தேடினார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அரிவாள் தூக்கும் அப்பாவைத் திரையில் பார்க்கும்போது ‘நாம் அப்படி இல்லை’ என்று தப்பித்துக்கொள்ள முடிகிறது. எல்லப்பனுக்குப் பெண் பார்க்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது அந்த வசதி கிடைப்பதில்லை.

2021-ல் கி.ரா. மறைந்தபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்தார்கள். 2022-ல் கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் திறக்கப்பட்டது. அங்கே சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ‘ஒருத்தி’யைத் திரையிடலாம். படம் முடிந்ததும் பேசுவதற்குப் பிரமுகர்களை அழைக்காமல் பிள்ளைகளையே பேசவிட வேண்டும், அதிலும் முதலில் பையன்களை. செவனிக்காகப் பரிதாபப்படுவது அவர்களுக்குச் சுலபம். எல்லப்பன் செய்தது சரியா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?