சேதன இரசாயனமும் உயிரிரசாயனமும்: ஒரு பாடமா, இரு பாடங்களா?

விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகும் நம் மாணவர் பலர் முதலாம் ஆண்டிலேயே ஒரு பாடத்தைக் கண்டு மருள்கின்றனர். அது சேதன இரசாயனம். அதனோடு உடனாகவோ அதனைத் தொடர்ந்தோ உயிரிரசாயனம் என்னும் மற்றொன்று வருகின்றது. மருத்துவம், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் ஆகிய எத்துறையை நாடியவராயினும் இவ்விரு வாயில்களையுங் கடந்தே உட்செல்லல் வேண்டும். உயர்தரப் பரீட்சையில் இரசாயனத்திற் சிறந்த புள்ளி பெற்ற பிள்ளைகளும் இங்கு இடறுவதுண்டு. அறிவு குறைந்ததோ, ஊக்கங் குறைந்ததோ என வினவுவார் உளர். இரண்டும் அன்று. ஒன்றாய் உள்ளதனை இரண்டாகப் பிரித்து, பிரித்த இரண்டையும் மனனஞ் செய்ய முயல்வதே அவ்விடறலுக்குக் காரணம் என்பது என் கருத்து.

“சேதனம்” என்னுஞ் சொல்லே பழைய நம்பிக்கை ஒன்றின் எச்சம். உயிர்ப்பொருள்களிற் காணப்படுஞ் சேர்வைகளை உயிர்ச்சத்தியின் துணையின்றி ஆக்கவியலாது என ஐரோப்பிய இரசாயன அறிஞர் பலர் ஒருகாற் கருதினர். 1828 ஆம் ஆண்டிலே பிரீட்ரிக் வோலர் என்னும் செருமானிய அறிஞர், சிறுநீரிலுள்ள யூரியாவை உயிரற்ற உப்புக்களிலிருந்து தம் ஆய்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். ஆயினும் அந்நம்பிக்கை ஒருநாளில் ஒழிந்திலது. நொதித்தல் முதலிய தொழில்கள் உயிருள்ள கலத்தினுள் மட்டுமே நிகழுமென்ற எண்ணம் மேலும் பல்லாண்டு நின்றது. 1897 இல் எடுவாட் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, கலங்கள் நீங்கிய சாற்றிலே வெல்லம் நொதித்து அற்ககோலாவதைக் கண்டார். அதற்காக 1907 இல் நோபெற் பரிசு பெற்றார். இவ்வாறு இருமுறை இடிக்கப்பட்ட மதிலை மூன்றாம் முறை எழுப்பியிருப்பது பல்கலைக்கழக நேரசூசிகையே எனலாம். திங்களன்று ஒருவர் வந்து அல்டிகைட்டைப் பற்றிக் கூறுவார். புதனன்று மற்றொருவர் வந்து குளுக்கோசைப் பற்றிக் கூறுவார். குளுக்கோசும் ஓர் அல்டிகைட்டே என்பதை இருவரும் அறிவர். அதனை எடுத்துச் சொல்வது மற்றவர் பொறுப்பென இருவரும் எண்ணிவிடின், இடையில் நிற்கும் மாணவனுக்கு அது தெரியாமலே போகின்றது.

மாணவன் கொண்டுவருவது யாது? கடந்தகால வினாத்தாள்களும் தனியார் வகுப்புக் குறிப்புக்களும் தந்த நீண்ட அட்டவணை ஒன்று: இன்ன சேர்வையுடன் இன்ன தாக்கி சேர்ந்தால் இன்ன விளைவு. பரீட்சைக்கு அது போதியதாயிற்று. பல்கலைக்கழகத்திலோ அவ்வட்டவணை பன்மடங்காகின்றது. அதன்மேல் உயிரிரசாயனத்தின் நொதியப் பெயர்களும் வந்து குவிகின்றன.

நம் முன்னோர் நிகண்டை மனனஞ் செய்தனர், இலக்கணத்தையும் கற்றனர். நிகண்டு மட்டும் அறிந்தவன் சொற்களை அறிவான். தொடர் செய்ய அறியான். மரம் என்பதும் வேர் என்பதும் புணர்ந்து மரவேர் ஆகுமென்னும் விதியை உணர்ந்த மாணவன், தான் முன்பு காணாத சொல்லிரண்டு வந்தபோதும் அஞ்சான். சேதன இரசாயனத்துக்கும் அத்தகைய புணர்ச்சி விதி உண்டு. இலத்திரன் மிகுந்த இடம் இலத்திரன் குறைந்த இடத்தை நாடும் என்பதே அது. முன்னதைக் கருநாடி என்றும் பின்னதை இலத்திரன்நாடி என்றும் வழங்குகின்றோம். இவ்விலத்திரன்களின் செலவை வளைந்த அம்புக்குறியாற் காட்டும் முறையை 1922 இல் கேமக், றொபின்சன் என்போர் கையாண்டனர். நூறாண்டு கடந்தும், அவ்வம்புக்குறியைப் பரீட்சைக்குரிய சித்திரவேலையாகக் கருதுவோர் நம்மிடையே உளர். அஃது அப்பாடத்தின் இலக்கணம் என்க.

இவ்விலக்கணம் உயிரிரசாயனத்திலும் செல்லுமா? ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துரைப்பல். 1937 இல் ஹான்ஸ் கிரெப்ஸ் வெளியிட்ட சித்திரிக் அமில வட்டம் மாணவரை மிக வருத்துவது. அமிலங்களின் பெயர்களைச் செய்யுள் போற் பாடிப் பாடி நினைவிற் கொள்வர். பரீட்சை முடிந்த மறுவாரம் மறப்பர். அவ்வட்டத்திலே சித்திரிக் அமிலம் முதலில் ஐசோசித்திரிக் அமிலமாக மாறுகின்றது. ஏன்? உயிர்க்கலம் வீணாக ஒரு படியைச் சேர்த்ததோ? விடை உயர்தர வகுப்பிலேயே கற்பிக்கப்படுகின்றது. முதல், வழி அற்ககோல்கள் எளிதில் ஒட்சியேற்றப்படும். புடை அற்ககோல் எளிதில் ஒட்சியேற்றப்படாது. ஐதரொட்சிற் கூட்டத்தைத் தாங்குங் காபனில் அகற்றுதற்குரிய ஐதரசன் அதற்கில்லை. சித்திரிக் அமிலம் ஒரு புடை அற்ககோல். ஆதலின் கலமானது நீரை ஒரு பக்கம் அகற்றி, அடுத்த காபனில் மறுபடியுஞ் சேர்த்து, அதனை வழி அற்ககோலாக்குகின்றது. பின்பு ஒட்சியேற்றுகின்றது. அங்ஙனம் தோன்றுங் கீற்றோன் கூட்டம் காபொட்சிற் கூட்டம் ஒன்றுக்கு அணித்தாய் அமைதலின், காபனீரொட்சைட்டு எளிதிற் கழன்று வெளியேறுகின்றது. நாம் வெளிவிடும் மூச்சிலே அதுவும் ஒரு பகுதி. மூன்று படிகளையும் தொடர்பற்ற மூன்று பெயர்களாகக் கற்றவனுக்கு இவை பாரம். காரணத்தோடு கற்றவனுக்கோ இரண்டாம் படி கூறப்படுமுன்பே அது வரவேண்டுமென்று தோன்றும்.

ஏனையவும் இத்தகையனவே. சோடியம் போரோஐதரைட்டு கீற்றோனுக்கு ஐதரைட்டை அளித்தலும், உடலிலே நிக்கொற்றினமைட்டுத் துணைநொதியம் அதனையே அளித்தலும் ஒரே செயல். தேங்காயெண்ணெயைக் காரத்துடன் கொதிக்கவைத்துச் சவர்க்காரம் ஆக்குதலும், குடலிலே இலிப்பேசு அவ்வெண்ணெயைப் பகுத்தலும் ஒரே எசுத்தர்ப் பிணைப்பின் உடைவு.

நம் அடுக்களைக்கே வருவோம். மரவள்ளிக் கிழங்கை நறுக்கி, நிறைய நீர் விட்டு, மூடாத பாத்திரத்தில் அவித்து, அந்நீரை வடித்தூற்றுதல் நம் தாய்மார் வழக்கம். அக்கிழங்கிலே இலினமரின் என்னுஞ் சேர்வை உண்டு. கிழங்கின் இழையம் சிதைவுறும்போது அங்குள்ள நொதியம் அதிலிருந்து குளுக்கோசைக் கழற்றிவிடும். எஞ்சுவது அசற்றோன் சயனோஐதரின். கீற்றோனுடன் ஐதரசன் சயனைட்டுச் சேர்ந்து சயனோஐதரின் ஆவதைப் பல்கலைக்கழக மாணவன் கருநாட்டக் கூட்டலுக்கு உதாரணமாக எழுதுகின்றான். அத்தாக்கம் மீளுந் தன்மையது என்றும் எழுதுகின்றான். பாத்திரத்தில் நடப்பது அம்மீட்சியே. அசற்றோன் ஒருபுறமும் நஞ்சாகிய ஐதரசன் சயனைட்டு மறுபுறமுமாகப் பிரிகின்றன. பின்னையதன் கொதிநிலை ஏறத்தாழ 26 பாகை சதமளவை. மூடியில்லாப் பாத்திரத்தில் அஃது ஆவியாகச் செல்லும். கரைந்து நிற்பன நீரோடு போகும். இவ்வொரு கிழங்கில் நொதியம், வெல்லப் பிணைப்பு, மீளுந்தாக்கம், கொதிநிலை என்னும் நான்கும் உள்ளன. இதனை எந்த விரிவுரையில் அடக்குவது? திங்கட்கிழமையிலா, புதன்கிழமையிலா?

பனையும் அவ்வாறே. உட்புறஞ் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினாற் கருப்பநீர். பூசாத முட்டியில் இறக்கினாற் கள்ளு. சுண்ணாம்பின் காரம் நுண்ணங்கிகளின் தொழிலை அடக்குகின்றது. ஆயின் அக்காரம் வெல்லத்தைக் கெடாதோ எனின், குளுக்கோசாயிற் கெடுக்கும். பனஞ்சாற்றில் மிகுந்துள்ள சுக்குரோசிலோ, குளுக்கோசும் பிரற்றோசும் தம் தாக்குமுனைகளாலேயே ஒன்றையொன்று பற்றிக்கொண்டுள்ளன. திறந்த அல்டிகைட்டு முனை இல்லாமையாற் காரம் அதனை எளிதில் தீண்டாது. பீலிங்கின் கரைசலும் நிறம் மாறாது. சோதனைக் குழாயிற் கண்ட இவ்வுண்மையைப் பனங்கட்டியோடு இணைத்துக் காட்டுதற்கு ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும்.

மொழிமாற்றமும் மாணவரை மனனத்தின்பால் தள்ளுகின்றது என்பதை மறைத்தலாகாது. உயர்தரம் வரை தமிழிற் கற்றவன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்கின்றான். விரிவுரையின் வேகத்தைத் தொடரவியலாது சொற்களை மட்டும் பற்றிக்கொள்கின்றான். இது தமிழின் வறுமை அன்று. மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்த மருத்துவர் கிறீனின் காலத்தில், 1875 ஆம் ஆண்டிலேயே, “கெமிஸ்தம்” என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. எனினும் இன்றைய மாணவனுக்கு அவ்வரலாறு உடனடித் துணையாகாது. அவனுக்குத் துணையாவது கட்டமைப்புச் சூத்திரம். சித்திரிக் அமிலத்தைப் பெயராற் கற்றவன் ஆங்கிலத்திற் புதிதாகக் கற்கவேண்டும். வடிவாற் கற்றவனோ ஆங்கிலப் பேராசிரியர் கரும்பலகையில் வரைந்தவுடன் இனங்காண்பான். அறுகோணத்துக்கும் அம்புக்குறிக்கும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

மனனத்தை யான் முற்றாக வெறுப்பவனல்லன். அமினோ அமிலங்கள் இருபதையும் நினைவிற் கொள்ளாது புரதங்களைப் பற்றிப் பேசுதல் இயலாது. தொழிற்பாட்டுக் கூட்டங்களை முகம் பார்த்து அறிவதுபோல் அறிதல் வேண்டும். ஆயின் அந்நினைவும் பெயர்ப்பட்டியலாக இராது, கையால் வரைந்து பழகியதாக இருத்தல் நன்று. பல்கலைக்கழகத்தார் விரிவுரைகளை இணைக்கும் நாள் வரும் வரையிற் காத்திராது, உயிரிரசாயனக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நொதியத்தின் பெயருக்கும் எதிரே அதே வகைச் சேதனத் தாக்கத்தை மாணவர் தாமே எழுதிக்கொள்ளலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டா.

பழைய மாணவரிடம் விண்ணப்பம் ஒன்றுண்டு. விழாக்காலத்தில் வாயில் வளைவும் மண்டபமும் எழுப்பப் பொருள் திரட்டுதல் வழக்கம். அவை வேண்டாமென்று சொல்லவில்லை. அவற்றோடு, உயர்தர வகுப்பில் இருவர்க்கு ஒன்றாக மூலக்கூற்று மாதிரியுருப் பெட்டிகளை அளிப்போம். சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசு அலகுகளாலேயே ஆனவை. அலகுகளை இணைக்கும் பிணைப்பின் திசையொன்றே வேறு. அவ்வேற்றுமையாற் சோறு நமக்கு உணவாகின்றது. வைக்கோலோ தன் இரைப்பையில் நுண்ணங்கிகளை வளர்க்கும் மாட்டுக்கே உணவாகின்றது. தட்டையான தாளில் இதனை எத்தனைமுறை வரைந்தாலும் விளங்காத பிள்ளைக்கு, கையில் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் விளங்கும். காபனின் நான்கு பிணைப்புக்களும் நான்முகியின் முனைகளை நோக்கியன என்று 1874 இல் உரைத்த வன்ற் ஹொவ், அதனைப் பிறர்க்கு விளக்க அட்டைத்தாளில் மாதிரியுருக்கள் செய்தார். அட்டைத்தாளும் கத்தரிக்கோலும் பசையும் எவ்வகுப்பிலும் கிடைப்பன. பெட்டிகள் வந்துசேரும் வரையில், உயர்தர முதலாம் வருட மாணவர் அவற்றைக் கொண்டே தொடங்கலாம்.