பார்க்கிங் சீட்டை கிழிச்சுப் போடாதீங்க! 80 ரூபாய்க்கு கோர்ட்டு படி ஏறியவருக்கு கிடைத்த தீர்ப்பு சொல்வது என்ன?

சிறுசேரி:-

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களில் சாப்ட்வேர் என்ஜினீயர்கள் மட்டும் இல்லை. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், டெலிவரி என்று பைக்கில் வந்து போகிறவர்கள் ஏராளம். லீவு நாளில் குடும்பத்தோடு நாவலூர், ஏகாட்டூர் பக்கம் மாலுக்குப் போனால், வெளியே வரும்போது கேட்டில் கை நீட்டுகிறார்கள். படத்துக்கு டிக்கெட், பிள்ளைக்கு பாப்கார்ன், அதற்கு மேல் வண்டிக்கும் துட்டு.

"50, 100 ரூபாய்க்கு எதுக்கு வம்பு" என்று எல்லோரும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கொடுக்காமலும் வர முடியாது. கம்பி தூக்க மாட்டார்கள். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். ஆனால் ஒருவர் மட்டும் விடவில்லை.

80 ரூபாய் வழக்கு

சென்னை திருமங்கலத்தில் உள்ள வி.ஆர். மாலுக்கு 2023 ஏப்ரலில் ஒருவர் பைக்கில் போனார். 2 மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை. 80 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அவர் பணத்தைக் கட்டினார், ரசீதை பத்திரமாக வைத்துக்கொண்டார், நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டார்.

2025 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து ரூ.12 ஆயிரம் கொடுக்கும்படி உத்தரவிட்டது. இவ்வளவு பெரிய கட்டிடம் கட்டினால் இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்று கட்டிட விதியே சொல்கிறது, அந்த இடத்தைக் காட்டித்தான் அனுமதி வாங்குகிறார்கள், பிறகு அதற்கே தனியாக காசு வாங்குவது சரியில்லை என்பதுதான் வாதத்தின் சாரம்.

அப்படியானால் நாளை முதல் எல்லா மாலிலும் பார்க்கிங் இலவசமா? அதுதான் இல்லை. ஒரு மாவட்ட ஆணையத்தின் உத்தரவு அந்த வழக்கில் இருப்பவர்களைத்தான் கட்டுப்படுத்தும். அடுத்த மால்காரர் தானாக வந்து போர்டை கழற்ற மாட்டார்.

மாநிலத்துக்கு ஒரு தீர்ப்பு

இந்த விஷயத்தில் ஐகோர்ட்டுகளே ஒரே மாதிரி சொல்லவில்லை. 2019-ல் குஜராத் ஐகோர்ட்டு, மால்களும் மல்டிபிளக்ஸ் தியேட்டர்களும் பார்க்கிங் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. கேரளாவில் நேர் எதிர். கொச்சி லுலு மால் வழக்கில், இடம் கொடுப்பது கடமைதான், ஆனால் லைசென்சுக்கு உட்பட்டு கட்டணம் வாங்கலாம் என்று 2025-ல் அங்குள்ள ஐகோர்ட்டு பெஞ்ச் சொல்லிவிட்டது.

தெலுங்கானா அரசு வேறு வழியில் போனது. 2018-லேயே அரசாணை போட்டது. முதல் 30 நிமிடம் எல்லோருக்கும் இலவசம். ஒரு மணி நேரம் வரை, உள்ளே ஏதாவது வாங்கிய பில்லைக் காட்டினால் இலவசம். அதற்கு மேல் நின்றாலும், பார்க்கிங் கட்டணத்தைவிட அதிக தொகைக்கு பில் இருந்தால் இலவசம். கேட்டில் சண்டைக்கே வேலை இல்லை.

லண்டனில் தலைகீழ்

இங்கிலாந்தில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே தனியார் இடத்தில் வண்டிக்கு பூட்டு போடுவதற்கு 2012 முதல் தடை. அதனால் பார்க்கிங் கம்பெனி வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். கட்டாவிட்டால் சின்னத் தொகைகளுக்கான கோர்ட்டில் கம்பெனியே வழக்கு போடும். செம்ஸ்போர்டு ஊரில் 2 மணி நேர இலவச பார்க்கிங்கில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தியவரிடம் 85 பவுண்டு கேட்டார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2015-ல் தோற்றார்.

வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே காசு வேண்டும் என்றால் கம்பெனி கோர்ட்டுக்கு வர வேண்டும். இங்கே காசு முதலிலேயே போய்விடுகிறது. நியாயம் வேண்டும் என்றால் நாம்தான் படி ஏற வேண்டும். 80 ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தை யார் விடுவார்கள் என்ற தைரியத்தில்தான் வசூல் நடக்கிறது.

என்ன செய்யணும்?

படி ஏறுவது முன்னைவிட இப்போது சுலபம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் இடம் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். சிறுசேரிக்காரர்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனு கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனிலும் மனு போடலாம். வீடியோ மூலம் விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேட்டில் சண்டை போடாதீர்கள். அங்கே நிற்பவரும் சம்பளத்துக்கு நிற்பவர்தான். பணத்தைக் கட்டி ரசீது கேட்டு வாங்குங்கள். முடிந்தால் போனில் கட்டுங்கள், பணம் யார் கணக்குக்குப் போனது என்பது பதிவாகும். கட்டண போர்டை ஒரு போட்டோ எடுங்கள்.

அடுத்தது முக்கியம். அந்தக் கட்டிடத்துக்கு திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். எத்தனை வண்டிக்கு இடம் காட்டி அனுமதி வாங்கினார்கள், கட்டணம் வாங்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவுக்கு அந்தக் காகிதம்தான் பலம். மாலுக்கும் ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

வண்டி காணாமல் போனால்?

'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பு' என்று போர்டு வைத்துவிட்டால் தப்பித்துவிட முடியாது. 1998-ல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. டோக்கனில் 'ஓனர் ரிஸ்க்' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். ஆனாலும் 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஓட்டலைத்தான் பொறுப்பாக்கியது. கவனக்குறைவை ஒரு வரி அச்சடித்து மறைக்க முடியாது என்றது. நாமே நிறுத்திவிட்டுப் போகும் பைக்குக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. யார் பொறுப்பில் வண்டி இருந்தது என்பதைப் பார்ப்பார்கள். அதற்கும் சாட்சி அந்தச் சீட்டுதான்.

தியேட்டர்களுக்கு தமிழக அரசே 2017-ல் பார்க்கிங் கட்டணம் நிர்ணயம் செய்தது. மாநகராட்சி பகுதியில் காருக்கு 20, பைக்குக்கு 10 ரூபாய். தெலுங்கானா பாணியில் மால்களுக்கும் ஒரு தெளிவான உத்தரவு வந்தால், ஆளுக்கு ஒரு வழக்கு என்று ஜனங்கள் அலைய வேண்டியதில்லை. 80 ரூபாய் ஒருவருக்கு சின்னக் காசு. ஒரு நாளைக்கு ஆயிரம் வண்டி என்றால் 80 ஆயிரம் ரூபாய். அந்தக் கணக்கு வசூலிப்பவர்களுக்குத் தெரியும். கொடுப்பவர்களும் போட்டுப் பார்க்க வேண்டும்.